விதைத்த உடனே அறுவடையா?
நெடுந்தூரம் ஓடும் கல்லூரிப் பெண்கள்!

பசுவந்தனை, கோவில்பட்டி வட்டாரத்தில் உள்ள ஊர். கரிசல் பூமி. வானம் பார்த்த நிலம். மழை பெய்ததும் விதைப்பார்கள். பிறகு காத்திருப்பார்கள். கம்புக்கு ஒரு காலம். பருத்திக்கு ஒரு காலம். அவசரப்பட்டால் கதிர் வருமா? வராது!

விவசாயிக்குத் தெரிந்த இந்த உண்மை, ஓட்டம் சொல்லிக்கொடுப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நெடுந்தூரம் ஓடும் பெண்ணும் கரிசல் பயிர் மாதிரிதான்.

மூன்றே வருடம்!

பள்ளியில் ஓடிப் பரிசு வாங்கிய பெண் ஒருத்தி, இப்படிப்பட்ட ஊரிலிருந்து கல்லூரிக்கு வருகிறாள் என்று வையுங்கள்.

முதலில் கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடக்கும். அதில் வென்றவர்களிலிருந்து பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தப் பகுதிக்கு நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அதன்பிறகு, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி.

பட்டப்படிப்போ மூன்றே வருடம். அதற்குள் பதக்கம் வேண்டும் என்று கல்லூரி நினைக்கிறது. வீட்டாரும் நினைக்கிறார்கள். பெண்ணும் நினைக்கிறாள். அங்கேதான் ஆபத்து! பயிற்சியாளரும் அவசரப்பட்டால், தினமும் வேக ஓட்டம். தினமும் கூடுதல் தூரம். கடைசியில் கால் எலும்பில் வலி. சில சமயம் எலும்பில் விரிசலே விழுந்துவிடும். அத்தோடு ஓட்டம் நின்றுவிடும்.

கதவு திறந்த கதை

"பெண்களுக்கு எதற்கு நீண்ட ஓட்டம்?" என்று ஒரு காலத்தில் உலகமே கேட்டது.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே வென்றார். ஓடி முடித்த பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுதின. உடனே அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள். அது ஒலிம்பிக்குக்குத் திரும்பி வர 1960 ஆயிற்று!

பெண்களுக்கான மாரத்தான் 1984-ல்தான் ஒலிம்பிக்கில் வந்தது. தூரம் 42 கிலோமீட்டருக்கும் மேல். அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் முதல் ஆளாக ஓடி வந்தார். பழைய கேள்விக்கு அன்று பதில் கிடைத்தது.

தாத்தா வாங்கிய காலணி

தமிழ்நாட்டிலும் ஒரு பெண் ஓடினார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சவுந்தரராஜன். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள்.

அவருக்கு முதல் குரு யார் தெரியுமா? சொந்தத் தாத்தா! ஊருக்கு வெளியே மண் தரையில் ஓடப் பழக்கினார். பேத்திக்குக் காலணியும் வாங்கிக்கொடுத்தார். பள்ளியிலும் கல்லூரியிலும் சாந்தி ஓடினார். 2006-ல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி பெற்றார். அப்போது அவருக்கு வயது 25. தாத்தா விதைத்தது பல வருடம் கழித்துத்தான் விளைந்தது!

ஒரு பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். அவர் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனாலும் ஓட்ட வாழ்க்கை முடிந்தது. செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் நிலையும் வந்தது. அவர் ஓய்ந்துபோகவில்லை. பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு முடித்தார். பிறகு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். தாத்தா தனக்குச் செய்ததை, மற்றப் பிள்ளைகளுக்குச் செய்தார்!

2010-ல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றவர் கேரளத்தின் பிரீஜா ஸ்ரீதரன். அவருக்கு அப்போது வயது 28. கல்லூரி வயது விதைக்கும் வயது. அறுக்கும் வயது அல்ல!

ரத்தம் சொல்லும் செய்தி

நல்ல பயிற்சியாளர் முதலில் கடிகாரத்தைப் பார்க்கமாட்டார். பெண்ணின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பார்.

ஏன்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் மூச்சு வாங்கும். கால் கனக்கும். "சோம்பேறி" என்று திட்டுவதில் பயன் இல்லை. டாக்டரிடம்தான் அழைத்துப் போக வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. கம்பங்கூழ், கேழ்வரகு, பருப்பு, முட்டை, முருங்கைக்கீரை எல்லாம் நல்லது. நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேராமல் தடைபடும்.

மாதவிலக்கு சில மாதம் வராமல் போகலாம். "பயிற்சி என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் எலும்பு பலவீனமாகும். இதைப் பெண் கூச்சமில்லாமல் பயிற்சியாளரிடமோ, அம்மாவிடமோ சொல்ல வேண்டும். டாக்டரையும் பார்க்க வேண்டும்.

பேசிக்கொண்டே ஓடு!

அப்படியானால் பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மெதுவாக ஓட வேண்டும். தோழியிடம் பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக! ஒன்றிரண்டு நாள் வேக ஓட்டம். ஒரு நாள் நீண்ட தூரம். ஒரு நாள் முழு ஓய்வு. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

மூன்று வருடத்தில் பதக்கம் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் நஷ்டம் இல்லை. படிப்பு முடிந்து வெளியே வரும் பெண், நோகாத காலோடும், ஓட வேண்டும் என்ற ஆசையோடும் வர வேண்டும். அதுதான் பயிற்சியாளருக்கு வெற்றி.

கரிசல் விவசாயி பயிரைப் பிடித்து மேலே இழுப்பதில்லை. களை எடுக்கிறார். காவல் இருக்கிறார். காத்திருக்கிறார். கதிர் தானாக வருகிறது!