வாக்குக்கும் விலையா?

தண்டனை முடிந்தது, சிறைக்கதவு திறந்தது, வாக்குச்சாவடிக் கதவோ திறக்கவில்லை! அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இப்படி நின்றோர் ஏறத்தாழ 14 இலட்சம் பேர். கொலையும் பாலியல் குற்றமும் புரிந்தோர் நீங்கலாக, மற்றவர்க்கு வாக்குரிமை திரும்பட்டும் என்று 2018 நவம்பர் இடைக்காலத் தேர்தலில் 100-க்கு 64 பேருக்கு மேல் தீர்ப்பளித்தனர்.

மக்கள் கொடுத்தனர், மன்றம் தடுத்தது! அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் கட்டி முடிக்காதவர்க்கு வாக்கில்லை என்று 2019-இல் சட்டம் செய்தனர். 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதற்குத் துணைநின்றது.

பணமுள்ளவன் கட்டுவான், வாக்களிப்பான். ஏழை எங்கே போவான் என்று கேட்கிறோம். 2018 ஆளுநர் தேர்தலில் வெற்றியைத் தீர்மானித்தவை 33,000-க்கும் குறைவான வாக்குகள்! 14 இலட்சத்தின் எடை விளங்குகிறதா?

கூட்டாட்சித் தேர்தலில் வாக்குவரி கூடாதென 1964-இலேயே அந்நாட்டு அரசியல் சட்டம் விதித்தது. வரி என்ற பெயர் போயிற்று. வாசலில் வசூல்காரன் நிற்கிறான்!