இணையத்தின் இயந்திர அறை – 9: ‘பெற்றுக்கொண்டோம்’ என்றால் என்ன பொருள்?

ஒரு பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். எவ்வளவு முடுக்கினாலும் ஒரு நொடியில் முடியாத வேலைகளும் உண்டு. அவற்றைப் பின்னணிக்கு அனுப்புவதுதான் வழி.

ஓர் உதாரணம் பார்ப்போம். ராயபுரம் ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பது வடசென்னைக்காரர்கள் அறிந்த காட்சி. துறைமுகத்தில் இறங்கும் இறக்குமதிச் சரக்கு வெளியே வர ‘பில் ஆஃப் என்ட்ரி’ வேண்டும். கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம் அதைத் தயாரித்து, தன் ஜாப் நம்பரை இட்டு, டிஜிட்டல் கையெழுத்துடன் சுங்கத் துறையின் ‘ஐஸ்கேட்’ தளத்தில் ஏற்றுகிறது.

ஏற்றியதும் கிடைப்பது ஒப்புகை மட்டும். உள்ளே இருக்கும் கணினி அமைப்பு விவரங்களைச் சரிபார்த்த பிறகே பில் ஆஃப் என்ட்ரி எண் வரும். பிழை இருந்தால் எது பிழை என்ற குறிப்போடு திரும்பும். அடுத்து, சரக்கை நேரே விடுவிக்கலாமா, அதிகாரி பார்க்க வேண்டுமா என்று ரிஸ்க் மேனேஜ்மென்ட் அமைப்பு பிரிக்கிறது. 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூருவிலும் முகமறியா மதிப்பீடு தொடங்கியபின், இங்கே இறங்கிய சரக்கின் ஆவணத்தை வேறு ஊர் அதிகாரி மதிப்பிடவும் முடிகிறது. இவ்வளவும் நடந்து முடியும்வரை புரோக்கரின் திரையைக் காக்கவைக்க முடியாது.

சர்வரும் காத்திருக்காது. பல தளங்களின் வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள், பின்னாலிருந்து 60 நொடி எந்தப் பதிலும் வராவிட்டால், அமைப்பை மாற்றாதவரை, பொறுமை இழந்துவிடும். அதனால்தான் வேலையை க்யூ என்ற காத்திருப்பு வரிசையில் எழுதிவைத்துவிட்டு, ஓர் எண்ணோடு உடனே பதில் சொல்கிறோம். இதற்கென்றே ஹெச்டிடிபியில் 202 என்ற குறியீடு இருக்கிறது: ஏற்றுக்கொண்டோம், இன்னும் முடிக்கவில்லை. வேலையை வொர்க்கர் என்ற தனி நிரல் எடுத்துச் செய்யும். பைத்தானில் செலரி, ரூபியில் சைட்கிக் இதற்குப் பெயர்பெற்றவை.

பலரும் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான பொறுப்பு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வேலையை முடித்த வொர்க்கர், ‘முடிந்தது’ என்று குறிக்கும் முன் விழுந்துவிட்டால், க்யூ அதே வேலையை இன்னொரு வொர்க்கரிடம் கொடுக்கும். அது பணம் பிடிக்கும் வேலையாக இருந்தால், பணம் இரண்டு முறை பிடிக்கப்படலாம். ஜாப் நம்பர் போல அனுப்புபவரே இடும் ஓர் எண் ஒவ்வொரு வேலைக்கும் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு வேலை ஏற்கெனவே முடிந்திருந்தால், வொர்க்கர் பழைய பதிலையே தர வேண்டும்.

இன்னொன்று, தோல்வியை மறைக்கக் கூடாது. கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாக வேண்டும் என்பது 2021 முதல் பொது விதி. தவறினால் முதல் மூன்று நாட்களுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன்பின் தினம் 10,000 ரூபாய் கட்டணம். புரோக்கரின் மென்பொருளில் நள்ளிரவில் ஒரு வேலை தோற்று, காலைவரை திரையில் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்றே இருந்தால், அந்தப் பணத்தை யாரோ கட்ட வேண்டியிருக்கும். மறுமுயற்சிகளுக்கு எல்லை வையுங்கள். எல்லை தாண்டிய வேலைகளைத் தனியே ஒதுக்குங்கள். உரியவருக்கு உடனே தகவல் அனுப்புங்கள். பயனருக்கு எண் கொடுத்துவிட்டால், அந்த எண்ணுக்கு நிச்சயமான ஒரு முடிவைச் சொல்லும்வரை நம் கடமை தீராது.

மறுமுயற்சிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுவது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)