கருவி காணாக் கணினி

யுனிக்ஸ் நெறியிலமைந்த கணினிகளில் மென்பொருளொன்றை மூலநிரலிலிருந்து தொகுக்கப் புகும் மாணாக்கர், ‘கட்டளை காணப்படவில்லை’ என்னும் செய்தி கண்டு திகைப்பதுண்டு. மென்பொருளே பழுதென்று கைவிடுவோர் சிலர். கணினி முழுவதையும் அழித்து மீள நிறுவித் தம் கோப்புகளையும் இழப்போர் வேறு சிலர். குறையோ பெரும்பாலும் கருவிகளிடத்தது.

அக்கருவிகளுள் முதன்மையானவை இரண்டு. நிரலைப் பொறிமொழியாக்குவது தொகுப்பி. எக்கோப்பு மீளத் தொகுக்கப்படல் வேண்டுமெனக் கண்டு முறைப்படுத்துவது ‘மேக்’. இதனை 1976 ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கியவர் ஸ்ருவேட் பெல்ட்மன். திருத்திய கோப்பைத் தொகுக்க மறந்த நண்பரொருவர், இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கியமையே அதற்குத் தோற்றுவாய்.

இனி, காணாமையும் இன்மையும் ஒன்றல்ல. அபாவத்தையும் ஓர் அளவையாகக் கொண்ட நம் தருக்க நூலார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ‘பாத்’ என்னும் மாறியிற் குறித்த அடைவுகளை மாத்திரமே கணினி தேடும். கருவி வேறிடத்திருப்பின் அதனைக் காணாது. ஆதலின் அம்மாறியை முதலில் நோக்குக. கருவி உண்மையாகவே இல்லையெனின் நிறுவுதல் வேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ‘பில்ட்-எசென்ஷியல்’ என்னும் பொதி தொகுப்பியையும் மேக்கையும் ஒருங்கே தரும். மக் கணினிக்கு ‘எக்ஸ்கோட்’ கட்டளைவரிக் கருவிகள் உள.

மிகவும் மயக்குவது மற்றொன்று. தொகுப்பி இருக்கும், அழைத்தால் தன் பதிப்பெண்ணையும் கூறும். ஆயினும் ‘கொன்பிகர்’ என்னும் சோதனை நிரல், ‘தொகுப்பியால் இயங்குகோப்பை ஆக்க முடியவில்லை’ என்று நின்றுவிடும். தொகுப்பியை மாத்திரம் நிறுவி, சீ மொழி நூலகத்தின் ஆக்கக் கோப்புகளை விடுத்தோர்க்கு இது நேர்வதுண்டு. திரையிலுள்ள ஒரு வரி காரணத்தைச் சொல்லாது, ‘கொன்பிக்.லொக்’ என்னும் பதிவுக் கோப்பைத் திறந்தால், எக்கோப்புக் கிடைக்கவில்லை என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும். அதனைத் திறவாமலே பலரும் தொகுப்பியை மீண்டும் மீண்டும் நிறுவுவர்!

நூலகங்களின் தலைப்புக் கோப்புகளும் இவ்வாறே. நூலகம் இருப்பினும் அவை தனிப்பொதியில் வரும். டெபியனில் அப்பொதியின் பெயர் ‘-டெவ்’ என்றும், பெடோராவில் ‘-டெவல்’ என்றும் முடியும்.

கொன்பிகர் இடையில் நின்றதைக் கவனியாது மேக்கை ஏவினால், ‘மேக்பைல் இல்லை’ என்று அது முறையிடும். அப்போது மேக்கைப் பழித்தல் தகாது. திரையை மேலே நகர்த்தி, முதலில் தோன்றிய பிழையைப் படித்தல் வேண்டும்.