நாய்களில் பசியின்மை

நாய்களில் பசியின்மை என்பது, ஒரு நாய் வழக்கமாக உண்ணும் உணவை உண்ண மறுப்பதையோ, வழக்கத்தைவிட மிகக் குறைவாக உண்பதையோ குறிக்கும். இது தனியொரு நோய் அன்று. பல நோய்களுக்கும், நோயல்லாத பல காரணங்களுக்கும் பொதுவான ஓர் அறிகுறி ஆகும். நலமாக உள்ள வளர்ந்த நாய் எப்போதாவது ஒருவேளை உணவைத் தவிர்ப்பது இயல்பே. ஆகவே தட்டில் உணவு மிஞ்சியுள்ளது என்பதைவிட, நாய் எவ்வளவு நேரமாக உண்ணவில்லை, அதனுடன் வேறு என்ன மாற்றங்கள் காணப்படுகின்றன என்பவையே முதன்மையாகக் கவனிக்கப்பட வேண்டியவை.

பசி தோன்றும் விதம்

பசியுணர்வை மூளையின் கீழ்ப்பகுதியில் உள்ள ஐப்போத்தலாமசு கட்டுப்படுத்துகிறது. இரைப்பை வெறுமையாக இருக்கும்போது சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டுகிறது. கொழுப்புத் திசுவில் உருவாகும் லெப்டின் பசியைத் தணிக்கிறது. நோய்த்தொற்று ஏற்படும்போது உடல் வெளியிடும் சில வேதிப்பொருட்கள் பசியை அடக்குகின்றன. காய்ச்சலின்போது உணவில் நாட்டம் குறைவது இதனால்தான்.

நாயின் உணவு நாட்டத்தில் சுவையைவிட மணத்துக்கே பெரும் பங்கு உண்டு. மனிதரின் நாவில் ஏறத்தாழ 9,000 சுவை அரும்புகள் இருக்க, நாய்க்கு ஏறத்தாழ 1,700 மட்டுமே உள்ளன. உணவைக் கண்ட அளவிலேயே நாயின் வாயில் உமிழ்நீரும் இரைப்பையில் செரிமான நீரும் சுரப்பதை உருசிய அறிஞர் இவான் பாவ்லோவ் ஆராய்ந்தார். செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக 1904 ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வகைகள்

உண்ணாதிருக்கும் நாய்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது காரணத்தை அறிய உதவும்.

1. உண்ணத் தேவையில்லாதவை: நாய்க்குப் போதிய ஆற்றல் வேறு வழியில் கிடைத்திருக்கலாம். ஓய்வு நிலையில் 5 கிலோகிராம் எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 235 கிலோகலோரியும், 20 கிலோகிராம் எடையுள்ள நாய்க்கு ஏறத்தாழ 660 கிலோகலோரியும் தேவை. ஒரு மாரி பிஸ்கட்டில் ஏறத்தாழ 25 கிலோகலோரி உள்ளது. வீட்டார் ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் நான்கு பிஸ்கட்டுகள், சிறிய நாயின் இத்தேவையில் ஐந்தில் இரண்டு பங்கை நிறைவு செய்துவிடும். அதன்பின் அது சோற்றைத் தொடாதிருப்பதில் வியப்பில்லை. தின்பண்டங்கள் ஒரு நாளைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான அறிவுரை.

2. உண்ண இயலாதவை: நாய்க்குப் பசி இருக்கும். தட்டை நெருங்கி முகர்ந்து பார்க்கும். ஆனால் வாய்வலியால் விலகிவிடும், அல்லது கவ்விய உணவைக் கீழே போட்டுவிடும். பல் சொத்தை, ஈறு வீக்கம், வாய்ப்புண், பற்களிடையே சிக்கிய எலும்புத் துண்டு, தாடை வலி ஆகியவை காரணமாகலாம்.

3. உண்ண விரும்பாதவை: பசியே தோன்றாத நிலை. காய்ச்சல், குமட்டல், சிறுநீரக நோய், கல்லீரல் நோய், கணைய அழற்சி, குடலடைப்பு, நஞ்சு ஆகியவற்றால் இது ஏற்படும். இடமாற்றம், வளர்ப்பவரைப் பிரிதல், தீபாவளி வெடிச்சத்தம் போன்றவற்றால் உண்டாகும் அச்சமும் பசியைக் குறைக்கும். தடுப்பூசி போட்ட நாளிலும் சில நாய்கள் குறைவாக உண்ணும்.

சென்னையின் மேற்குப் புறநகர்ச் சூழல்

பரங்கிமலை - பூந்தமல்லி சாலையில் அமைந்துள்ள குமணன்சாவடி, அதனை அடுத்துள்ள மாங்காடு, காட்டுப்பாக்கம் போன்ற பகுதிகளில் வளரும் நாய்களுக்குச் சென்னையின் தட்பவெப்பம் முதன்மையான காரணியாகும்.

வெப்பம்: 2003 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சென்னையில் வெப்பநிலை 45 பாகை செல்சியசை எட்டியது. நாய் பெரும்பாலும் மூச்சிரைப்பதன் மூலமே உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. உணவு செரிக்கும்போது உடலில் வெப்பம் உண்டாவதால், கோடையில் நாய்கள் பகல் உணவைத் தவிர்த்து, வெயில் தணிந்தபின் உண்பது வழக்கம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களும் அடர்ந்த முடியுள்ள அயல்நாட்டு நாய்களும் கூடுதலாகத் துன்புறும். இடைவிடாத மூச்சிரைப்பு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் அது வெறும் பசிக்குறைவு அன்று. உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கமாக இருக்கலாம்.

உண்ணிக் காய்ச்சல்: வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் பழுப்பு நாய் உண்ணி ஆண்டு முழுவதும் வாழும். இது நாயின் உடலில் மட்டுமன்றி வீட்டுச் சுவர் இடுக்குகளிலும் தங்கி முட்டையிடும். இது பரப்பும் எர்லிக்கியா கேனிசு என்னும் நுண்ணுயிரி வெள்ளை அணுக்களைத் தாக்குகிறது. இந்நோயில் பசியின்மை, காய்ச்சல், சோர்வு ஆகியவை முதலில் தோன்றும். பின்னர் ஈறு வெளிறுதல், மூக்கில் இரத்தம் வடிதல் போன்றவை ஏற்படலாம். 1960களின் இறுதியில் வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கணக்கில் இந்நோயால் இறந்தன. தொடக்கத்தில் கண்டறிந்தால் டாக்சிசைக்கிளின் மருந்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

எலிக்காய்ச்சல்: மழைக்காலத்தில் தேங்கும் நீரில் எலிகளின் சிறுநீர் கலப்பதால் இது பரவுகிறது. உண்ணாமையுடன் கண்ணும் ஈறும் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இது மனிதருக்கும் தொற்றக்கூடியது.

காத்திருக்கும் கால அளவு

வேறு அறிகுறி எதுவுமின்றிச் சுறுசுறுப்பாக இருந்து, நீர் அருந்தும் வளர்ந்த நாயை ஒரு நாள் கவனிக்கலாம். 24 மணி நேரத்துக்கு மேல் உண்ணாதிருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டிகளுக்கு இக்காலம் 12 மணி நேரத்துக்கும் குறைவு. அவற்றின் இரத்தத்தில் சர்க்கரை அளவு விரைவில் குறைந்துவிடும். தடுப்பூசி போடாத குட்டி உண்ணாமல், வாந்தியெடுத்து, இரத்தம் கலந்து கழிந்தால் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். சில மணி நேரத் தாமதமும் உயிரைப் பறிக்கக்கூடும். கருத்தடை செய்யாத பெண் நாய், சினைப்பருவம் முடிந்த சில வாரங்களில் உணவை மறுத்து மிகுதியாக நீர் அருந்தினால், கருப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும். வயிறு உப்புதல், நீரையும் மறுத்தல், ஈறு வெளிறுதல் ஆகியவற்றிலும் காத்திருத்தல் கூடாது.

வெறிநோய் குறித்த எச்சரிக்கை

வெறிநோய் (ரேபீஸ்) கண்ட எல்லா நாய்களும் கடிக்கப் பாய்வதில்லை. ஒருவகையில் நாய் அமைதியாக ஒதுங்கி, தாடை தொங்கி, உமிழ்நீர் வடிந்து, விழுங்க முடியாமல் இருக்கும். இதனைத் தொண்டையில் எலும்பு சிக்கியதாகக் கருதி வாயினுள் கைவிடுவது பேராபத்தானது. உமிழ்நீர் காயத்திலோ, கண், வாய் போன்ற ஈரச்சவ்விலோ பட்டால் அவ்விடத்தை உடனே 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும்; காயத்துக்குச் சோப்பும் பயன்படுத்த வேண்டும். பின்னர் தாமதமின்றி மருத்துவமனையில் தடுப்பூசி பெற வேண்டும். அறிகுறி தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைப்பது மிக அரிது.

வீட்டில் செய்யத்தக்கவை

* தூய நீர் எப்போதும் கிடைக்கச் செய்தல்.
* உணவை இளஞ்சூடாக்கி அதன் மணத்தைக் கூட்டுதல்.
* கோடையில் அதிகாலையிலும் இரவிலும் உணவிடுதல்.
* உண்ணாத உணவை 20 நிமிடத்தில் எடுத்துவிடுதல்.
* புதிய உணவுக்கு ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்றுதல்.
* குழைந்த சோற்றுடன் தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி இறைச்சியை, உப்பும் மசாலாவும் இன்றிக் கொடுத்தல்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்களுக்கு நஞ்சாகும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற மனித மருந்துகளையும் தாமாகக் கொடுத்தல் கூடாது. வாயைத் திறந்து உணவைத் திணித்தால் அது மூச்சுக்குழலுக்குள் சென்று நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம்.

மருத்துவப் பரிசோதனை

மருத்துவர் உடல் வெப்பநிலை, ஈறின் நிறம், வாய், வயிறு ஆகியவற்றைச் சோதித்து, தேவைக்கேற்ப இரத்தம், மலம், ஊடுகதிர்ப் படம் ஆகிய ஆய்வுகளைப் பரிந்துரைப்பார். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை என்பதால், தொட்டால் மனிதரைவிடச் சூடாக இருப்பதை மட்டும் கொண்டு காய்ச்சல் எனக் கொள்ளலாகாது. அரசு கால்நடை மருந்தகங்களிலும், 1903 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் நாய்களுக்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. கடைசியாக உண்ட நேரம், நீர் அருந்தும் அளவு, வாந்தி, கழிச்சல், தடுப்பூசி விவரம் ஆகியவற்றைக் குறித்துக் கொண்டு செல்வது காரணத்தை விரைவில் கண்டறிய உதவும்.