அடுப்பை மாற்றுதல்: வன்னிப் பெருநிலப்பரப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஒரு வீட்டுக்கு வேண்டிய வெப்பம் எங்கிருந்து பெறப்படுகின்றது என்ற வினாவுக்கான விடை, அவ்வீடு அமைந்துள்ள நாட்டின் தட்பவெப்பத்தை மட்டுமன்றி, அவ்வீட்டார் சார்ந்துள்ள வர்க்கத்தையும் பொறுத்ததாகும். இலண்டனில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றுக்கு வீட்டின் வெப்ப மையம் சுவரிலே பொருத்தப்பட்ட எரிவாயுக் கொதிகலன். அது பழுதடையுமிடத்து எத்தகைய புதிய கொதிகலனை வாங்குவது என்பது அக்குடும்பத்தின் வரவு செலவைப் பாதிக்கும் வினாவாகின்றது. அதே குடும்பத்தின் உறவினர் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவின் கிராமமொன்றிலோ வாழ்வராயின், அவர்களுக்கு வெப்ப மையம் அடுப்பேயாகும். வன்னி வெயிலில் வீட்டைச் சூடாக்க வேண்டியதில்லை. உலையைச் சூடாக்க வேண்டிய தேவை நாள்தோறும் உண்டு. எந்த அடுப்பு, எந்த எரிபொருள், பழைய அடுப்பை எப்பொழுது கைவிடுவது என்ற வினாக்கள் அங்கும் எழுகின்றன. அவற்றுக்கு வன்னி மக்கள் அளித்துவந்த விடைகளை விளங்கிக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது இலக்கிய மாணவரின் அக்கறைக்குரியதா எனச் சிலர் வினவலாம். வறுமையைப் புலப்படுத்த நேர்ந்தபோது சங்கப் புலவர் நாடிய பொருள்களுள் அடுப்பும் ஒன்று. குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார், தம் வீட்டு அடுப்பிற் காளான் முளைத்திருப்பதைக் கூறியே தம் நிலையை உணர்த்தினார் (புறநானூறு 164). ஆயின் நமது முற்போக்குத் திறனாய்வு வயலையும் தொழிற்சாலையையும் நோக்கிய கூர்மையோடு அடுப்படியை நோக்கிற்று எனக் கூறுதற்கில்லை. உழைப்பு என்றதும் கலப்பையும் சம்மட்டியும் நம் கண்முன் தோன்றின, ஊதுகுழல் தோன்றவில்லை. உழைப்பாளியின் உழைப்புச் சக்தி நாள்தோறும் மீளவும் உருவாக்கப்படும் இடம் அடுப்படி என்பதை ஏற்போமாயின், இப்புறக்கணிப்பு கோட்பாட்டு நிலையிலும் ஒரு குறைபாடேயாகும்.

1. அடுப்பின் பௌதிகம்

மூன்று கற்களை வைத்து அவற்றின் மேல் பானையை ஏற்றுவது அடுப்பின் மிக எளிய வடிவம். இதில் விறகிலுள்ள வெப்பத்தில் ஏறக்குறைய 10 முதல் 15 வீதமே பானையைச் சென்றடையும். எஞ்சியது நாற்புறமும் சிதறிப்போகும். காற்று போதிய அளவில், போதிய சூட்டோடு சுடரிற் கலவாமையால் விறகிலிருந்து எழும் வாயுக்கள் முழுமையாக எரிவதில்லை. புகை எனப்படுவது பெரும்பாலும் இவ்வாறு எரியாது எஞ்சிய எரிபொருளே. எனவே புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு விளைப்பதோடு, தேடிச் சுமந்துவந்த விறகின் ஒரு பகுதி வீணாவதையும் காட்டுகின்றது.

குளிர்நாட்டுக் கொதிகலனும் இதே சிக்கலையே எதிர்நோக்கிற்று. பழைய கொதிகலன்களில் எரிந்த வாயுவோடு வெப்பத்தின் ஒரு பகுதி புகைபோக்கி வழியே வெளியேறியது. அவ்வாயுவைக் குளிர்வித்து அதிலுள்ள நீராவியை நீராக்கி, அவ்வெப்பத்தையும் மீட்டெடுக்கும் வகைக் கொதிகலன்களே புதிதாகப் பொருத்தப்பட வேண்டும் என இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டு விதியாக்கப்பட்டது. வெளியேறும் வெப்பத்தை மீண்டும் வேலை வாங்குதல் என்பதே இதன் தத்துவம்.

இலங்கையில் 1980களில் பரவத் தொடங்கிய 'அனகி' மண் அடுப்பிலும் இத்தத்துவத்தை எளிய வடிவிற் காணலாம். இலங்கை மின்சார சபையின் விறகுச் சிக்கன முயற்சியோடும், பொருளியலாளர் ஷூமாக்கர் நிறுவிய இடைநிலைத் தொழினுட்ப அபிவிருத்திக் குழுவோடும் தொடர்புடையது இவ்வடுப்பு. விறகிடும் வாய் ஒன்று. பானை வைக்கும் இடம் இரண்டு. முதற் பானையைச் சூடாக்கிய சுடரும் வெப்ப வாயுவும் உள்வழியாகச் சென்று இரண்டாம் பானையைச் சூடாக்குகின்றன. ஒன்றிலே சோறு கொதிக்க, மற்றதிலே கறி வேகும். அடுப்பைச் சுற்றி மண் பூசினால் வெப்பம் வெளியே சிதறுவது மேலும் குறையும். கிராமத்துக் குயவரே வனையக்கூடியது என்பது இதன் தனிச்சிறப்பு. இறக்குமதிப் பொருள் எதனையும் வேண்டாத ஒரு முன்னேற்றமாக அது அமைந்தது. ஆயினும் இவ்வடுப்புக்குப் புகைபோக்கி இல்லை. புகை குறையுமேயன்றி அற்றுப்போவதில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

2. புகையும் கூரையும்

அடுப்பை அது அமைந்துள்ள வீட்டினின்றும் பிரித்து நோக்க இயலாது. மண் சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட பழைய வன்னி வீட்டில் குசினி பெரும்பாலும் புறம்பானதோர் கொட்டிலாக இருந்தது. புகை கிடுகினூடாகக் கசிந்து வெளியேறியது. வெளியேறும் வழியிற் கூரையைப் பூச்சியரிப்பினின்றும் காத்தது. அடுப்பின் மேலே பரணில் வைக்கப்பட்ட விதையையும் உலர்பொருளையும் காத்தது. புகைக்கு அங்கு ஒரு பயன் இருந்தது. ஊதுகுழலோடு குனிந்திருந்த பெண்ணின் நெஞ்சுக்கு அது அன்றும் கேடே என்பதை மறந்து பழமையைப் போற்றுதல் பொருந்தாது.

போருக்குப் பின்னர் வீட்டின் வடிவம் மாறியது. 2012ஆம் ஆண்டு முதல் விரிவாக நடைமுறைப்படுத்தப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தில் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டு, பயனாளிகளே தம் வீட்டைக் கட்டிக்கொள்ளும் முறை பின்பற்றப்பட்டது. சீமெந்துச் சுவரும் ஓடோ தகரமோ வேய்ந்த கூரையும் புகையைக் கிடுகுபோல் வெளிவிடா. பலர் கல்வீட்டுக்குப் பின்புறம் மீண்டும் ஓர் அடுப்படிக் கொட்டிலைப் போட்டுக்கொண்டமைக்கு இதுவே காரணம். பழக்கத்தை விடமாட்டாமை என இதனை எள்ளுதல் தவறு. பொருளாதார வசதியற்றவர் தமது எரிபொருளுக்கு ஏற்பத் தாமே கண்ட காற்றோட்ட ஏற்பாடு இது.

2016ஆம் ஆண்டில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் முன்மொழியப்பட்டபோது எழுந்த விவாதம் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. வீடொன்றுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட செலவு மதிப்பிடப்பட்டது. வெப்பம், அத்திவாரம், நீடித்துழைக்கும் தன்மை ஆகியவற்றோடு, விறகு எரிப்போருக்கு அவ்வீட்டுச் சமையலறை பொருந்துமா என்ற வினாவும் அன்று எழுப்பப்பட்டது. தொலைவிலிருந்து வீட்டை வரைபவர், அதில் வாழவிருப்போரின் எரிபொருளையும் தாமே தீர்மானித்துவிடுகின்றார். அடுப்புத் தெரிவு குடும்பத்தின் கையிலிருந்து நழுவும் வழிகளுள் இதுவும் ஒன்று.

3. மண்ணெண்ணெயும் எரிவாயுவும்

விறகிலிருந்து மண்ணெண்ணெய், மண்ணெண்ணெயிலிருந்து எரிவாயு, எரிவாயுவிலிருந்து மின்சாரம் என ஏணிப்படிபோல் எரிபொருள் மாற்றம் நிகழும் என்பது அபிவிருத்தி நூல்களிற் பெரிதும் பேசப்படும் கருத்து. வன்னியின் அனுபவம் இவ்வேணியை ஐயுற வைக்கின்றது.

1990களில் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் எரிபொருள் அரிதாகியது. ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எரித்துப் படித்த தலைமுறைக்கு, மண்ணெண்ணெய் அடுப்பு எட்டாப் பொருளாயிற்று. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தை அடுத்து ஏ9 பாதை திறக்கப்பட்டபோது பொருள்கள் வந்தன. 2006 ஓகஸ்டில் அப்பாதை முகமாலையில் மூடப்பட்டபோது மீண்டும் அருகின. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் மக்கள் இடம்விட்டு இடம் பெயர்ந்தபோது அவர்களோடு இறுதிவரை சென்றது மூன்று கல் அடுப்பே. அதனைச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திற் கிடைத்த மூன்று கற்கள் போதுமாயிருந்தன. ஏணியில் ஏறியோர் ஒருமுறையன்றிப் பலமுறை கீழே தள்ளப்பட்டனர் என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.

போரின் பின் எரிவாயுச் சிலிண்டர் கிளிநொச்சி, வவுனியாக் கடைத்தெருக்களிற் சாதாரண பொருளாகியது. சம்பளம் பெறுவோர் வீடுகளிலும் வெளிநாட்டுப் பணம் பெறுவோர் வீடுகளிலும் அது முதலில் நுழைந்தது. பின்னர் 2021ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட, 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோகிராம் சிலிண்டர் 2,675 ரூபாவாகியது. 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாகியது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தன. அவற்றை ஆராய நியமிக்கப்பட்ட குழு, சிலிண்டரிலுள்ள புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் விகிதம் மாற்றப்பட்டமையைக் காரணமாகச் சுட்டியது. புரொப்பேனின் ஆவியமுக்கம் பியூட்டேனினதைவிட மிகுந்தது. அதன் பங்கு கூடியபோது சிலிண்டரின் அமுக்கம் உயர்ந்து, குழாயிலும் இணைப்புகளிலும் கசிவு ஏற்பட இடமுண்டாயிற்று. அந்நியச் செலாவணி தீர்ந்த 2022இல் சிலிண்டருக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது.

கொழும்பின் மாடிக் குடியிருப்புகளில் அரிசி இருந்தும் உலை வைக்க வழியின்றி நின்ற குடும்பங்கள் பல. வன்னியிலோ பின்புறக் கொட்டிலின் பழைய அடுப்பு மீண்டும் எரிந்தது. புது அடுப்பை வாங்கிய பின்னும் பழையதைக் கலைக்காது வைத்திருந்தமை அறியாமையன்று. நிச்சயமற்ற வருமானமும் நிச்சயமற்ற விநியோகமும் கற்பித்த முன்னெச்சரிக்கை அது. ஆனால் அம்முன்னெச்சரிக்கையின் விலையைச் செலுத்தியவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். வீட்டினுள் எழும் புகையாலான காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்படியில் நீண்ட நேரத்தைக் கழிப்போர் பெண்களும் அவர்களோடிருக்கும் சிறு பிள்ளைகளுமே. நெருக்கடிக் காலத்தில் குடும்பம் மிச்சப்படுத்திய பணம், பெண்ணின் நேரத்திலிருந்தும் நெஞ்சிலிருந்தும் எடுக்கப்பட்டதாகும். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் மிகுந்த வன்னியில் இது இரட்டைச் சுமை.

4. விறகு யாருடையது?

விறகு இலவசம் என்பது பரவலானதொரு மயக்கம். காணியுடையோர் தென்னம் மட்டையையும் பொச்சுமட்டையையும் வேலியிற் கழித்த தடியையும் எரிக்கின்றனர். காணியற்றோர் காட்டை நாடுகின்றனர். 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறியோருட் பலர் இவ்வகையினர். காடோ சட்டத்தால் வேலியிடப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், காட்டையும் தரிசையும் மாறாக நிறுவப்படாதவரை முடிக்குரியனவாகக் கொண்டது. 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டம் காட்டுப் பொருள்களை எடுத்தலை ஒழுங்குபடுத்தியது. இரு சட்டங்களும் குடியேற்ற ஆட்சியின் ஆக்கங்கள்.

1840இன் சட்டம் பிறந்து இரண்டாண்டுகளின் பின், 1842இல், ரைன் மாகாணத்தில் விழுந்த விறகைப் பொறுக்கும் ஏழைகளைத் திருடராக்கிய சட்டத்தைப் பற்றி இளம் மார்க்ஸ் பத்திரிகைக் கட்டுரைகள் எழுதினார். வழக்காற்றுரிமை எவ்வாறு தனிச்சொத்தின் பெயராற் குற்றமாக்கப்படுகின்றது என்பதை அவை ஆராய்ந்தன. பொருளாதார வினாக்களை நோக்கித் தம்மை முதலில் உந்தியவற்றுள் இவ்விவாதமும் ஒன்று என 1859இல் அவரே குறிப்பிட்டார். அடுப்படி விறகு அரசியற் பொருளாதாரத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்போர்க்கு இதுவே தக்க விடை.

2009இன் பின் வன்னியில் மீள்குடியேறியோர் தாம் முன்னர் பயன்படுத்திய நிலங்கள் பலவற்றில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கற்களைக் கண்டனர். கண்ணிவெடி அகற்றப்படாத இடங்களில் விறகு பொறுக்குதல் உயிராபத்தாகவும் இருந்தது. காடு காக்கப்பட வேண்டியது என்பதில் ஐயமில்லை. ஆயின் காய்ந்த கிளையைத் தலைச்சுமையாகக் கொண்டுவரும் பெண்ணையும், பாலையையும் முதிரையையும் தறித்து லொறியில் ஏற்றும் வணிகரையும் ஒரே தட்டில் நிறுத்தும் பாதுகாப்பு, காட்டைக் காப்பதற்கு உதவாது.

5. தெரிவுக்கான அளவுகோல்கள்

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு உதவும் சில முடிபுகளைப் பெறலாம்.

முதலாவதாக, அடுப்பின் விலையை மட்டும் நோக்காது, ஓராண்டுக்கான எரிபொருட் செலவையும், அதனைத் தேடச் செல்லும் நேரத்தையும் கணக்கிடல் வேண்டும். பெண்ணின் நேரத்தைச் சூனியமாகக் கொள்ளும் கணக்கு பிழையான கணக்கு.

இரண்டாவதாக, விறகடுப்பைத் தொடர்வோர் மூன்று கல்லை விடுத்து இருபானை மண் அடுப்புக்கு மாறுதல் நன்று. விறகை ஈரமின்றி உலர்த்தி, சிறிதாகப் பிளந்து எரித்தல், அடுப்பின் வாயை விறகால் அடைக்காமை, எதிரெதிராகக் காற்றுவழி அமைத்தல் ஆகியன பெருஞ் செலவின்றிப் புகையைக் குறைப்பன. இயலுமாயின் புகைபோக்கியைச் சுவர் எழும்பும்போதே அமைத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, எரிவாயுவுக்கு மாறுவோர் குழாயையும் சீராக்கியையும் காலத்துக்குக் காலம் மாற்றுதலையும், இணைப்பிற் சவர்க்கார நுரையிட்டுக் கசிவைச் சோதித்தலையும் பழக்கமாக்க வேண்டும். சிலிண்டர் தீர்ந்த நாளுக்கான இரண்டாம் அடுப்பு, புகை மண்டும் மூலையிலன்றிக் காற்றோட்டமான இடத்தில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, தனிக் குடும்பத்தின் கையில் இல்லாதது. சமையலறையை முதலில் வரையும் வீடமைப்பு, காய்ந்த விறகைப் பொறுக்கும் உரிமையை ஏற்கும் வனச் சட்டம், கிராமத்துக்கெனக் கூட்டாக நடப்படும் விறகு மரங்கள், சந்தையின் திடீர் ஏற்றத்தினின்றும் வறியோரைக் காக்கும் எரிபொருள் விலைக் கொள்கை ஆகியன அவ்வகையின. இவை இல்லாதவிடத்து 'நல்ல அடுப்பைத் தெரிவுசெய்யுங்கள்' என மக்களுக்கு உபதேசித்தல், பொறுப்பை அரசிடமிருந்து அடுப்படிக்கு மாற்றும் தந்திரமாகவே முடியும்.

வீட்டு வேலையில் அடைபட்டிருக்கும்வரை பெண் விடுதலை இயலாது என ஏங்கெல்ஸ் 1884இல் எழுதினார். அவ்வேலையின் மிகக் கடினமான பகுதி எது என வன்னியின் ஒரு தாயைக் கேட்டால், விறகும் புகையும் என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். அவ்விடையிலிருந்து நமது ஆய்வுகளும் தொடங்குதல் தகும்.