மலை எஞ்சினைப் படம் பிடிக்கலாமா?

குன்றாண்டார்கோவில் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. 8-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயிலும், அதற்கு முன்னால் பிற்காலத்தில் எழுந்த தேர் மண்டபமும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. மண்டபத்தைக் குதிரைகள் இழுக்கின்றன, பக்கத்தில் சக்கரங்கள் இருக்கின்றன. எல்லாம் கல். ஓர் அங்குலம்கூட நகராத தேரை ஓடுகிற தேராக நம்மை நினைக்க வைத்துவிட்டார் சிற்பி. ரயிலைப் படம் எடுப்பவரின் வேலையும் இதுதான். ஓடுகிற ஒன்றை ஒரு நொடியில் நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகும் அது ஓடுவதாகத் தெரிய வேண்டும்.

இதைப் பழகுவதற்கு நம் மாநிலத்தில் ஓர் அருமையான எஞ்சின் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறும் 'எக்ஸ்' வகை நீராவி எஞ்சினைத்தான் சொல்கிறேன். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் கேமராவோடு வந்து அதைத் துரத்துகிறார்கள். துரத்துகிறவர்களில் பலருக்கும் படம் சரியாக வருவதில்லை. கேமரா நல்லதாக இருந்தாலும், எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் போய் நின்றால் அப்படித்தான் ஆகும். ஆகவே கேமராவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் எஞ்சினைப் பார்ப்போம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் சுமார் 2,200 மீட்டரில் இருக்கிறது. நடுவே 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை. 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வழியில் 16 சுரங்கங்கள், 250 பாலங்கள், 208 வளைவுகள்.

கல்லார் நிலையம் வரை சமவெளிதான். அதைத் தாண்டியதும் மலை நிமிர்ந்துவிடுகிறது. 12 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே ஏற வேண்டும். சைக்கிளில் ஏறுகிறவருக்கே மூச்சு வாங்கும் ஏற்றம் அது. ரயிலுக்கு இன்னும் கஷ்டம். இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் வழுவழுப்பானவை. அவற்றுக்கிடையே உராய்வு குறைவு. சமவெளியில் அது நல்லதுதான், குறைந்த விசையில் நீளமான ரயிலை இழுத்துவிடலாம். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில், அதிலும் மழை நனைத்த தண்டவாளத்தில், சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும்.

ரோமன் அப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கண்டுபிடித்த வழி இங்கே கைகொடுக்கிறது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு பக்கம் பக்கமாகப் படுத்திருக்கின்றன. எஞ்சினின் வயிற்றுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரங்கள் அந்தப் பற்களைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் படிப்படியாகக் கால் வைப்பதுபோல ஏறுகின்றன. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டைக்குப் பள்ளம் வரும்படி மாற்றி அமைத்திருக்கிறார்கள். அதனால் எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல்லாவது பிடியில் இருக்கும். ரயிலும் குலுங்காமல் போகும்.

இப்போது எஞ்சினின் பக்கவாட்டைப் பாருங்கள். ஒரு பக்கத்திலேயே இரண்டு சிலிண்டர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. இரு பக்கமும் சேர்த்து நான்கு. கீழே இருப்பவை வழக்கமான சக்கரங்களைச் சுற்றுகின்றன. மேலே இருப்பவை பற்சக்கரங்களைச் சுற்றுகின்றன. கொதிகலனிலிருந்து வரும் வலுவான ஆவி முதலில் கீழ்ச் சிலிண்டரில் உதைக்கிறது. அங்கே வேலை செய்து அழுத்தம் குறைந்த அதே ஆவி, வீணாக வெளியே போகாமல் மேல் சிலிண்டருக்குப் போய் இன்னொரு முறை உதைக்கிறது. ஒரே ஆவிக்கு இரண்டு வேலை! சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் இந்த எஞ்சின்களைச் செய்தார்கள். அந்த அமைப்புக்கே விண்டர்தூர் முறை என்று பெயர்.

படம் எடுப்பவருக்கு இதில் ஒரு புதையல் இருக்கிறது. கல்லார் வரை பற்சக்கரத்துக்கு வேலை இல்லை. மேல் சிலிண்டரின் தண்டுகள் அசையாமல் நிற்கும். கல்லாரைத் தாண்டி, ரயில் மெதுவாகிப் பல் தண்டவாளத்தில் ஏறியதும் அவை உயிர்பெறும். கீழ்த்தண்டு ஒரு வேகம், மேல்தண்டு வேறு வேகம். சத்தமும் மாறும். மேட்டுப்பாளையம் நடைமேடையில் ஒரு படமும் கல்லாருக்கு மேலே இருக்கும் ஹில்குரோவ் நிலையத்தில் ஒரு படமும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எஞ்சின் வேலை செய்யும் முறை அப்படியே தெரியும். என்னைக் கேட்டால், அருவியும் பாலமும் தெரியும் ஆயிரம் படங்களைவிட இந்த இரண்டு படங்கள் மேல்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளாமல் போனால் ஏமாந்துவிடுவீர்கள். மலையேறும்போது எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும். எப்போதும் பள்ளத்துப் பக்கம் எஞ்சின், மேட்டுப் பக்கம் பெட்டிகள். ஏன் என்று யோசித்தீர்களா? எஞ்சின் முன்னால் இருந்து இழுத்தால், நடுவில் ஒரு கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் மலையிலிருந்து உருண்டுவிடும். பின்னால் எஞ்சின் இருந்தால் பெட்டிகள் அதன்மேல்தான் சாயும். முன் பெட்டியின் முகப்பில் ஒருவர் கொடியோடு நிற்பார். பெட்டிகளில் பிரேக் பிடிக்க பிரேக்ஸ்மேன்கள் நிற்பார்கள். டிரைவர் விசில் அடித்துச் சேதி சொல்வார். ஆகவே வளைவில் ரயில் தலைகாட்டியதும் அவசரப்பட்டு எல்லாப் படத்தையும் எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். கதாநாயகர் கடைசியில்தான் வருவார்.

சரி, துரத்துவோம். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் ரயில் குன்னூரை அடையச் சுமார் மூன்றேகால் மணி நேரம் ஆகும். தூரம் 28 கிலோமீட்டர்தான். நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 9 கிலோமீட்டர்கூட வராது. பல் தண்டவாளத்தில் அதன் உச்ச வேகமே மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். காரில் போகிறவருக்கு அதை முந்துவது பெரிய காரியமில்லை. ரயில் எங்கே வெளியே தெரியும் என்பதுதான் சிக்கல். சாலை ஒரு சரிவில் கொண்டை ஊசி போட்டு ஏறும். தண்டவாளம் வேறொரு சரிவில் காட்டுக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் ஏறும். பின்னாலேயே ஓடினால் வால்கூடக் கிடைக்காது. எங்கே தண்ணீர் பிடிக்க நிற்கும், எங்கே காடு விலகும் என்று வரைபடத்தில் பார்த்து, முன்னதாகவே போய்க் காத்திருப்பவர்தான் ஜெயிப்பார்.

காத்திருக்கும்போது ஒரு சோதனை செய்யலாம். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் எஞ்சின் விசில் அடிக்கிறது. விசிலிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்புவது முதலில் தெரியும். சத்தம் பிறகுதான் வரும். ஒளி கண்ணுக்கு வர நேரமே ஆகாது என்று சொல்லலாம். ஒலிக்கோ 340 மீட்டருக்கு ஒரு நொடி வேண்டும். ஆவியைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இரண்டு நொடி கழித்துச் சத்தம் கேட்டால் எஞ்சின் 680 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அளவுநாடா இல்லாமலேயே தூரத்தை அளந்துவிட்டீர்கள்! நீலகிரிக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. நம் ஊர்த் திருவிழாவில் தூரத்தில் வெடி வெடிக்கும்போதும் இதே கணக்குத்தான்.

அந்த வெள்ளை ஆவியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் படத்தின் அழகு பாதி அதில்தான் இருக்கிறது. உண்மையான நீராவிக்கு நிறம் கிடையாது. கண்ணுக்கே தெரியாது. வீட்டில் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, தள்ளி நின்று கெட்டிலின் மூக்கைக் கவனியுங்கள். மூக்கை ஒட்டினாற்போல ஒரு சிறு இடைவெளியில் எதுவும் தெரியாது. அங்கே இருப்பதுதான் நீராவி. கொஞ்சம் தள்ளிக் காற்றில் குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாக மாறிய பிறகே வெள்ளையாகத் தெரிகிறது. எஞ்சினின் விசிலிலும் இதே இடைவெளியைப் பார்க்கலாம்.

காற்று எவ்வளவு குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கிறதோ, அந்தத் துளிகள் அவ்வளவு நேரம் நிலைக்கும். சூடான, வறண்ட காற்றில் அவை உடனே ஆவியாகி மறைந்துவிடும். அதனால்தான் ஒரே எஞ்சின் ஏப்ரல் நண்பகலில் வெறும் சத்தம் போட்டுக்கொண்டு போவதுபோலவும், டிசம்பர் காலையில் மேகத்தை இழுத்துக்கொண்டு போவதுபோலவும் தெரிகிறது. சூரியனை நேராகப் பார்க்காமல், ஆவிக்குப் பின்பக்கத்திலிருந்து வெயில் வரும்படி நின்றால் இன்னும் சிறப்பு. துளிகள் ஒளியின் பெரும்பகுதியை முன்னோக்கிச் சிதறடிப்பதால் ஆவி விளக்கேற்றியதுபோல ஒளிரும். ஆனால் அவ்வளவு வெள்ளையைக் கண்ட கேமரா, வெளிச்சம் அதிகம் என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். கைப்பேசியாக இருந்தால் திரையில் எஞ்சினின் உடம்பைத் தொட்டுவிட்டு எடுங்கள். வெளிச்சத்தை எஞ்சினுக்கு ஏற்றபடி அது கணக்கிட்டுக்கொள்ளும்.

இனி ஷட்டர் கணக்கு. மணிக்கு 13 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 3.6 மீட்டர். கேமராவின் ஷட்டர் ஒரு நொடியில் 500-இல் ஒரு பங்கு மட்டும் திறந்து மூடினால், அதற்குள் எஞ்சின் 7 மில்லிமீட்டர்தான் நகரும். 10 மீட்டர் அகலக் காட்சியில் அது கண்ணுக்கே தெரியாது. எஞ்சின் சிலையாக நிற்கும். 30-இல் ஒரு பங்கு திறந்தால் 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; படம் கலங்கும். ஆனால் எஞ்சின் போகிற வேகத்திலேயே கேமராவையும் சேர்த்துத் திருப்பினால் என்ன ஆகும்? எஞ்சின் தெளிவாக விழும், பின்னால் இருக்கும் மரங்கள் கோடு கோடாக இழுபடும், தண்டுகள் மட்டும் லேசாகக் கலங்கும். கல் தேரைச் செய்தவர் கல்லிலே கொண்டுவந்த ஓட்டத்தை நாம் இப்படிக் கொண்டுவரலாம். இதைப் பழகக் கீரனூர் சாலையில் போகும் சைக்கிள் போதும்.

இங்கே உங்களிடம் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்கவோ, சுரங்கத்துக்குள் நடக்கவோ, ஓடும் பெட்டியிலிருந்து தொங்கவோ கூடாது. அது சட்டப்படியும் குற்றம். ரயில் மெதுவாகத்தானே வருகிறது என்று நினைக்காதீர்கள். சரிவில் அதைச் சட்டென்று நிறுத்த முடியாது. அந்தக் காடு யானைகளின் வழியும்கூட. நான் மேலே சொன்ன எல்லாப் படங்களையும் நடைமேடையில் நின்றோ, பெரியவர்களோடு சாலையோரப் பாதுகாப்பான இடத்தில் நின்றோ எடுத்துவிடலாம்.

சுவிஸ் எஞ்சின் என்று சொன்னேன். அது பாதிக் கதைதான். 1914 முதல் 1952 வரை அங்கிருந்து வந்த எஞ்சின்களுக்கு வயதானபோது, அவற்றைப் பழுதுபார்த்து ஓடவைத்தது நம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை. நிலக்கரி எஞ்சின் கக்கும் தீப்பொறி கோடையில் காட்டுக்கு ஆபத்து. எனவே எண்ணெயில் எரியும்படி எஞ்சின்களை மாற்றினார்கள். அதோடு நிற்கவில்லை. உலகம் நீராவி எஞ்சினைக் காட்சிக்கூடத்தில் வைத்துவிட்ட 21-ஆம் நூற்றாண்டில், கொதிகலன் முதல் பற்சக்கரம் வரை பொருத்திப் புதிய எக்ஸ் வகை எஞ்சின்களையே பொன்மலையில் உருவாக்கினார்கள். 2021-இல் பழைய முறைப்படி நிலக்கரியில் ஓடும் எஞ்சின் ஒன்றும் அங்கிருந்து புறப்பட்டது. சுவிட்சர்லாந்தில் பிறந்த வடிவத்தை நம் ஊர்ப் பக்கத்து வெல்டர்களும் ஃபிட்டர்களும் மறுபடி செய்து காட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

கடைசியாக, இறங்கும் ரயில். பிற்பகலில் உதகையிலிருந்து புறப்படும் ரயிலைக் குன்னூர் வரை டீசல் எஞ்சின் கொண்டுவரும். அங்கே நீராவி எஞ்சின் மாட்டிக்கொள்ளும். இந்தத் தடவை அதுதான் முன்னால், ஏனென்றால் பள்ளம் இப்போது முன்பக்கம். இறங்கும்போது எஞ்சின் இழுப்பதில்லை, தடுக்கிறது. ஆவி உதைத்துத் தள்ள வேண்டிய அதே சிலிண்டர்களில் காற்று அடைபட்டு அமுங்கி, சக்கரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. எனவே 'குப் குப்' என்ற முழக்கமும் பெரிய புகையும் இருக்காது. மலையும் அதற்குள் நிழலுக்குள் போய்க்கொண்டிருக்கும். ஆனால் எஞ்சினின் முழு உருவமும் பெட்டிகளுக்கு முன்னால், வேறெதுவும் மறைக்காமல் உங்களை நோக்கி வரும். மேட்டுப்பாளையத்துக்கு அது மாலை ஐந்தரை மணி வாக்கில் வந்து சேரும். நடைமேடையில் கொஞ்சம் முன்னதாகவே போய் இடம்பிடித்துக்கொள்ளுங்கள்.