சேர்ப்பதா, அனுப்புவதா?

அவசர சிகிச்சைப் பிரிவில் இடுப்பெலும்பு முறிந்து வருபவரை வார்டில் சேர்ப்பதைப் பற்றி எந்த ஊரிலும் அபிப்பிராய பேதம் எழுவதில்லை; நிமோனியா, வயிற்றுப்போக்கு, முதுகுவலி, காரணம் துலங்காத மார்புவலி ஆகியவையே, வைத்தியரின் சுபாவத்துக்கும் ஆஸ்பத்திரியின் வழக்கத்துக்கும் இடங்கொடுத்து, ஒருவர் சேர்த்துக்கொள்பவரை மற்றொருவர் வீட்டுக்கு அனுப்பும்படி செய்கின்றன.

இவ்வித்தியாசம் எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதை அமெரிக்க வைத்திய நிபுணர் ஜான் வென்பர்க்கும் சகாக்களும் 1987-இல் 'லான்செட்' இதழில் காட்டினார்கள். பாஸ்டனும் நியூ ஹேவனும் வைத்தியக் கல்வியில் கீர்த்தி வாய்ந்த சர்வகலாசாலைகளைக் கொண்ட நகரங்களாக இருந்தும், 1982-இல் ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குத் தலைக்கு நியூ ஹேவனில் 451 டாலரும் பாஸ்டனில் 889 டாலரும் செலவாயின. பாஸ்டனில் படுக்கைகள் மிகுதி; இருக்கும் படுக்கை நிரம்பியது என்பதே பெரும்பகுதி விளக்கம். அதனால் பாஸ்டன்வாசிகளின் மரண விகிதம் குறைந்ததாகப் பிற்பாடு நடந்த ஆராய்ச்சியிலும் தெரியவில்லை.

நகரத்தை விட்டுத் தனி வைத்தியரை அளக்கப் புகுந்தால் காரியம் கடினமாகிறது. முதியோரையே மிகுதியாகப் பார்ப்பவரின் சேர்ப்பு விகிதம் உயர்ந்திருப்பது அவர் குற்றமன்று. ஆகவே வயது, வந்த உபாதை, பழைய நோய்கள் ஆகியவற்றுக்கு ஈடுசெய்து கணிக்கவேண்டும். அதன் பின்னும் தற்செயல் என்ற ஒன்று இருக்கிறது. நூற்றுக்கு 30 பேரைச் சேர்க்கும் இயல்புடையவர் 50 பேரைப் பார்த்தால், சேர்க்கப்படுவோர் 15 ஆக இருக்கவேண்டியது, யாதொரு காரணமுமின்றி 9 முதல் 21 வரை எங்கும் நிற்கலாம்; 500 பேரைப் பார்த்தால்தான் அது நூற்றுக்கு 26-க்கும் 34-க்கும் இடையில் ஒடுங்கும். சிறு எண்ணிக்கையை வைத்து வைத்தியர்களை வரிசைப்படுத்தும் பட்டியல் எனக்கு அநீதியாகவே படுகிறது.

நல்லவேளையாக, அவசரப் பிரிவுக்கு வருபவர் பெரும்பாலும் வைத்தியரைத் தேர்ந்தெடுப்பதில்லை, அப்போது பணியிலிருப்பவரிடமே செல்கிறார் என்பதால், ஒரே பிரிவின் வைத்தியர்களைத் தம்முள் ஒப்பிடுவது ஓரளவு நியாயமான பரீட்சையாகிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் அண்மையில் இவ்வாறே ஒப்பிட்டபோது, மார்புவலிக்காரர்களைச் சேர்ப்பதில் ஒரே கூரையின் கீழேயே பெரும் இடைவெளி காணப்பட்டது. மிகுதியாகச் சேர்ப்பவர்கள் அனுமதித்தோரில் ஒரு நாளுக்குள் வீடு திரும்பியவர்கள் அதிகம். அவ்வைத்தியர்கள் பார்த்த நோயாளிகளின் மரண விகிதமோ குறையவில்லை.

எனினும் குறைவாகச் சேர்ப்பவரே சிறந்தவர் என்று முடிவுகட்டிவிட இயலாது. ஏனெனில், இரவில் துணைக்கு ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பவேண்டிய மூதாட்டியை ஒரு வைத்தியர் சேர்த்துக்கொண்டால், அக்காரணம் கணக்கிடுவோர் கையிலுள்ள பதிவேட்டில் அநேகமாக இராது, அவருடைய விகிதம் மட்டுமே உயரும். ஆகையால் சேர்ப்பு விகிதத்தை வைத்தியரிடம் தனியாக நீட்டாமல், அவர் அனுப்பியவர்களில் சில தினங்களுக்குள் திரும்பி வந்தவர் எத்தனை பேர், மாதத்துக்குள் மாண்டவர் எத்தனை பேர் என்ற கணக்கையும் அதனுடன் சேர்த்தே அளிக்கவேண்டும்.